சீலிங்கில் ஒரு நீளக் கறை: எட்டு மாதம், 25,610 ரூபாய்

படுக்கையறை சீலிங்கில் ஒட்டி வைத்திருந்த பாலிதீன் தாளை நேற்று உரித்தேன். இரண்டு நாள் ஒட்டியிருந்தும் உள்பக்கம் ஒரு பொட்டு ஈரம் இல்லை. போன ஐப்பசியில் ஆரம்பித்த விவகாரம் ஆனியில் முடிந்திருக்கிறது. இதில் சரியாகச் செய்ததைவிடத் தப்பாகச் செய்ததுதான் அதிகம். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

வீடு திருச்சியில். அப்பா 1994-ல் கட்டியது. கீழே முழு வீடு. மேலே பாதிக்கு மட்டும் ஒரு அறையும் பாத்ரூமும், மீதி திறந்த மொட்டை மாடி. மாடி முழுக்க சுருக்கி போட்டு, மேலே தட்டோடு பதித்தது. செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்த மாடியைத்தான் நான் முதலில் சந்தேகப்பட்டேன்.

ஐப்பசி அடைமழையில் கீழ்ப் படுக்கையறை சீலிங்கில் ஒரு கறை தெரிந்தது. மேல் பாத்ரூம் சுவரை ஒட்டிய இடத்தில் தொடங்கி ஃபேனை நோக்கி வந்தது. நீளம் இரண்டரை அடி, அகலம் ஒரு சாண்கூட இல்லை, ஏறக்குறைய நேர்கோடு. மாடி ஒழுகினால் கறை வட்டமாகவோ திட்டுத்திட்டாகவோ பரவும். இது ஏன் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இருக்கிறது என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெளியே மழை, உள்ளே ஈரம், அவ்வளவுதான் கணக்கு.

கொத்தனார் வந்து அண்ணாந்து பார்த்தார். “மாடிதான் சார், பாத்தாலே தெரியுதே. தட்டோடு ஜாயிண்டெல்லாம் விட்டுப்போச்சு” என்றார். ஜாயிண்டுகள் விட்டிருந்தது உண்மைதான். 20 லிட்டர் வாட்டர்ப்ரூஃப் பூச்சு வாங்கினேன், 5,200 ரூபாய். இரண்டு நாள் கூலி 3,400. கார்த்திகையில் மழை நான்கு நாள் விட்ட இடைவெளியில் அடித்து முடித்தோம். வாளியின் மேலேயே தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. மேலே காய்ந்த மாதிரிதான் இருந்தது, ஆனால் சுருக்கிக்குள் ஒரு மாத மழை ஊறிக் கிடந்தது. பத்தாம் நாள் வெயில் ஏறியதும் உள்ளிருந்த ஈரம் ஆவியாகி, பூச்சை அங்கங்கே அப்பளம் மாதிரி எழுப்பிவிட்டது. பெரிய கொப்புளம் ஒன்றைக் கத்தியால் கீறினேன், உள்ளே தண்ணீர் நின்றது.

அந்தச் சமயத்தில் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று. நாற்காலி போட்டு ஏறி, கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதியும் எழுதினேன். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் புதுக்கோடு. மார்கழி பாதிக்கு மேல் திருச்சியில் மழை இல்லை. தை முழுக்க வெயில். கோடு மட்டும் நிற்காமல் நகர்ந்தது, வாரத்துக்கு ஓர் அங்குலம், சில வாரம் ஒன்றரை. நடுவில் வெள்ளையாக உப்புப் பூத்து, பெயிண்ட் பொரிந்து, தட்டினால் பூச்சு உள்ளே பிடிப்பு விட்டதுபோல ‘டொப்டொப்’ என்று பொய்யாகக் கேட்டது.

மழையே இல்லாமல் மாடி எப்படி ஒழுகும்? தை கடைசியில் மாடியின் மழைநீர்க் குழாய் வாயைத் துணியும் பாலிதீனும் வைத்து அடைத்து, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் நிறுத்தினேன். பென்சில் கோடு எப்போதும்போல நகர்ந்ததே தவிர ஒரு நூல்கூட வேகமெடுக்கவில்லை. பூச்சு அடித்த பிறகு செய்த சோதனை என்பதால் முழுச் சுத்தமான சாட்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொப்புளம் கீறி ஓட்டையான இடங்களிலும் தண்ணீர் நின்றது. டியூப் மட்டம் வைத்துச் சரிவையும் பார்த்தேன். பத்தடிக்கு ஒன்றே முக்கால் அங்குலம், குழாயை நோக்கி. அப்பா காலத்து வேலையில் குறை ஒன்றும் இல்லை. இந்தச் சோதனைக்கு ஆன செலவு ஒரு மணி நேர மோட்டார் கரண்ட். இதை 8,600 ரூபாய்க்கு முன்னால் செய்திருக்கலாம்.

மாசி கடைசியில் ஏ.சி. போட ஆரம்பித்தோம். அப்போது இரண்டாவது தொல்லை. ராத்திரி பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு வீடு முழுக்க இருட்டு. ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாகவே வீட்டு இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், விழுந்திருக்கும். மேலே தள்ளினால் சில சமயம் நிற்கும், சில சமயம் உடனே விழும். ஏ.சி.யில்தான் கோளாறு என்று நினைத்தேன். ஆனால் ஏ.சி.யின் எம்.சி.பி.யை (அந்த லைனுக்கு மட்டுமான ட்ரிப் சுவிட்சை) இறக்கிவிட்டு அயர்ன்பாக்ஸையும் கீசரையும் சேர்த்துப் போட்டாலும் விழுந்தது. ஒவ்வொரு எம்.சி.பி.யாக இறக்கிப் பார்த்தேன். எதை இறக்கினாலும், லோடு அதிகமானால் விழுகிறது. வந்த எலக்ட்ரீசியன் “ஆர்.சி.சி.பி. வீக் ஆயிடுச்சு சார்” என்று புதிது மாட்டினார். பொருள் 1,950, கூலி 400. அன்று ராத்திரியே புதுசும் விழுந்தது.

பக்கத்துத் தெருவில் மில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் புலம்பினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். “தம்பி, எம்.சி.பி.ய எறக்குனா ஃபேஸ் மட்டும்தான் அறும். நியூட்ரல் எல்லாம் பார்ல ஒண்ணாதான கெடக்கு? கோளாறு நியூட்ரல்ல இருந்தா நீ ராத்திரி பூரா எறக்கி ஏத்தினாலும் தெரியாது.”

மறுநாள் காலை அவரே மல்டிமீட்டரோடு வந்தார். முதலில் ஆர்.சி.சி.பி.யின் வெளிப்பக்க ஒயர்கள், அதாவது அதிலிருந்து வீட்டுக்குள் போகும் ஒயர்கள், இரண்டையும் கழற்றிவிட்டு ஏற்றினார். நின்றது. டெஸ்ட் பட்டனை அழுத்தினார். விழுந்தது. பழைய ஆர்.சி.சி.பி.யையும் அதே மாதிரி மாட்டிப் பார்த்தார், அதுவும் அப்படியேதான் நடந்துகொண்டது. அதாவது 2,350 ரூபாய் தண்டம். பழையதை டப்பாவில் போட்டு ஸ்பேராக வைத்திருக்கிறேன்.

பிறகு மறுபடி ஒயர்களை மாட்டி, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் பார்த்தார். லோடு இல்லாதபோது 0.6 வோல்ட். ஏ.சி. ஓடும்போது 2.4. அடுத்து மெயினை இறக்கி, கரண்ட் இல்லை என்று இரண்டு தடவை உறுதி செய்துகொண்டு, நியூட்ரல் பாரிலிருந்து ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்தோடு வைத்து ஓம் பார்த்தார். எல்லாம் மெகா ஓமில் நின்றன, ஒன்று மட்டும் வெறும் 38 ஓம் காட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 60, பிறகு 45. சரி, ஐம்பது என்றே வைத்துக்கொள்வோம். 0.6 வோல்ட்டுக்கு 12 மில்லி ஆம்பியர் எர்த்துக்குப் போகும். 2.4 வோல்ட்டுக்கு 48. எங்கள் வீட்டில் இருப்பது 30 மில்லி ஆம்பியரில் விழுவது. ராத்திரி மட்டும் ஏன் விழுகிறது என்ற கேள்விக்குப் பதில் ஒரு காகிதத்தில் இரண்டு வரி.

அந்த ஒயர் கீழ்ப் படுக்கையறை சர்க்யூட்டுடையது. ஃபேனைக் கழற்றி, சீலிங்கில் பதித்த இரும்புப் பெட்டியின் மூடியைத் திறந்ததும் என் நெற்றியில் காப்பித் தண்ணீர் மாதிரி ஏதோ சொட்டியது. பெட்டி பாதி துருவாகிவிட்டது. நியூட்ரல் ஜாயிண்டில் சுற்றியிருந்த டேப் ஊறிக் கழன்று, செம்பு பெட்டியின் மேல் சாய்ந்து கிடந்தது. எர்த் ஒயரும் அதே பெட்டியில்தான். டார்ச் அடித்துப் பார்த்தபோது, பெட்டிக்குள் ஒயர் கொண்டுவரும் மூன்று கண்ட்யூட் பைப்களில் ஒன்றின் வாயில் மட்டும் ஒரு சொட்டு திரண்டு நின்றது. விழுந்தது. மறுபடி திரண்டது.

அந்தப் பைப் எங்கே போகிறது? கறை போகிற அதே கோட்டில், மேல் பாத்ரூம் சுவருக்கு. கீசர் பாயிண்டுக்குப் போகும் பைப் அது. நேர்கோட்டுக் கறைக்கும் இருட்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஐந்து மாதம் நான் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தண்ணீர் கரண்ட் பைப் வழியாக வந்துகொண்டிருந்தது.

அன்றே அந்த சர்க்யூட்டைத் துண்டித்துவிட்டோம், கீசருக்கும் தடை. இனி பாத்ரூமில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். தரையா, வடிகாலா, குழாயா?

தரையை முதலில் பார்த்தேன். தரை வடிகால் வாயான நானி ட்ராப்பைத் துணிப்பந்தால் அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, இரண்டு ஸ்பூன் கேசரி பவுடர் கலந்தேன். கதவிடுக்கில் ஈரமண் பிசைந்து அணை. 24 மணி நேரம் கழித்து ஸ்கேல் வைத்தால் மட்டம் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. கீழே சொட்டிய தண்ணீரிலும் ஆரஞ்சு இல்லை. நிறம் வராததை மட்டும் நம்பக்கூடாது, செங்கல் தூளும் மணலும் நிறத்தை வழியிலேயே பிடித்துக்கொள்ளும். மட்டம் குறையாததுதான் பெரிய சாட்சி. தரையும் ட்ராப்பின் கழுத்தும் தப்பித்தன.

அடுத்து குழாய். மாடித் தொட்டி 1,000 லிட்டர், உள்விட்டம் 110 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் மட்டம் இறங்கினால் ஒன்பதரை லிட்டர். ராத்திரி பத்தரைக்கு எல்லாக் குழாயையும் மூடச் சொல்லி, குச்சியில் ஸ்டீல் ஸ்கேலைக் கட்டி அளந்தேன். காலை ஐந்தரைக்கு மறுபடி. நடுவில் யாரும் பாத்ரூம் போகக்கூடாது என்ற என் உத்தரவுக்கு வீட்டில் கிடைத்த மரியாதையை இங்கே எழுத முடியாது. ஃப்ளஷை மட்டும் தொடாமல் முதல் நாளே பிடித்து வைத்த வாளித் தண்ணீரைப் பயன்படுத்துவது என்று உடன்பாடு ஆனது.

முதல் ராத்திரி 11 மில்லிமீட்டர் இறங்கியது. பத்து லிட்டருக்கு மேல்! சந்தோஷத்தில் உளியை எடுக்கப் போனேன், நல்லவேளை கேசரி பவுடர் மிச்சம் இருந்தது. ஃப்ளஷ் டேங்கில் ஒரு சிட்டிகை போட்டு அரைமணி நேரம் விட்டால், கீழே கோப்பையில் ஆரஞ்சுக் கோடு. சத்தமே இல்லாமல் வாஷர் வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. வாஷர் 140 ரூபாய், நானே மாற்றினேன். அடுத்த ராத்திரி 4 மில்லிமீட்டர். மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று அதிகம். இது வேறு எங்கோ போகிறது.

மூன்றாம் ராத்திரி, மேல் பாத்ரூமுக்கு இறங்கும் லைனின் கேட் வால்வை மூடிவிட்டு அளந்தேன். 3 மில்லிமீட்டர். அப்படியென்றால் ஒழுக்கு கீழ் லைனில் இருக்கிறதா? ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். பிறகுதான் வால்வை மூடிவிட்டு மேல் பாத்ரூம் குழாயைத் திறந்து பார்க்கத் தோன்றியது. நூல் மாதிரி தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. முப்பது வருட கேட் வால்வு, தாழ்ப்பாள் விழுந்த மாதிரி பாவனை செய்கிறது, மூடவில்லை. பால் வால்வு 420 ரூபாய்க்கு வாங்கி மாட்டினோம். நான்காம் ராத்திரி மட்டம் அசையவில்லை. அடுத்த ராத்திரி திறந்து வைத்தேன், 4 மில்லிமீட்டர். இனி சந்தேகம் இல்லை. மேல் பாத்ரூமின் சுவருக்குள் ஓடும் லைன்தான்.

சுவருக்குள் எங்கே? ஸ்க்ரூடிரைவர் முனையைச் சுவரில் அழுத்தி, பிடியில் காதை வைத்துக் கேட்டால் ஒழுகும் சத்தம் தெரியும் என்பார்கள். ஒரு மணி நேரம் கேட்டேன். என் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. மாடித் தொட்டியிலிருந்து பத்தடி இறங்கும் தண்ணீருக்குச் சீறுகிற அளவு அழுத்தம் கிடையாது.

வெளியே போய்ச் சுவரைப் பார்த்தேன். பாத்ரூமின் வெளிச்சுவரில், தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே ஓர் அரசங்கன்று. இரண்டு தடவை பிடுங்கிப் போட்டிருக்கிறேன், மறுபடி துளிர்த்துவிட்டது. பங்குனி வெயிலில் தெருவில் எல்லாம் வாடிக் கிடக்க, அது மட்டும் தளதளவென்று நிற்கிறது. அதைச் சுற்றிப் பாசி வேறு. அரை லிட்டரில் பெரும்பகுதி யாருக்குப் போய்க்கொண்டிருந்தது என்று அப்போது புரிந்தது.

பிளம்பர் தம்பி அரசங்கன்றுக்கு நேர் உள்பக்கம், டைல்ஸ் அதிகம் ‘டொப்’ என்ற இடத்தில் உடைத்தார். ஈரமான கலவை இருந்தது, பைப் நன்றாக இருந்தது. ஈரத்தின் தடத்தைப் பிடித்து மேலே மேலே போனோம். இரண்டடிக்கு மேல், கீசருக்குத் திரும்பும் எல்போவில் கிடைத்தது. துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பில் (ஜி.ஐ.) மரை வெட்டும்போது அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடும், தகடும் மெலிதாகிவிடும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. எல்போவை ஒட்டிய மரையில் குண்டூசி நுழைகிற அளவு ஓட்டை. அதற்கு ஆறு அங்குலம் தள்ளித்தான் கீசரின் சுவிட்ச் பெட்டி. பூச்சுக்குள் ஊறிய தண்ணீர் அந்தப் பெட்டிக்குள் இறங்கி, கண்ட்யூட் பைப்பைப் பிடித்துக்கொண்டு கீழே வந்திருக்கிறது.

ஒரு எல்போவை மட்டும் மாற்றினால் 600 ரூபாயில் முடியும் என்றார் தம்பி. மற்ற ஏழு எல்போவுக்கும் அதே வயது, அதே தண்ணீர். முழு லைனையும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப்புக்கு மாற்றினோம். பைப்பும் பித்தளை மரை வைத்த ஃபிட்டிங்குகளும் 3,150. இரண்டு நாள் கூலி 2,400. பசை காய ஒரு நாள் விட்டு, வாடகைக்கு எடுத்த கை பம்பு (300 ரூபாய்) மாட்டி 6 கிலோ அழுத்தம் ஏற்றினோம். முள் பத்தே நிமிடத்தில் 5-க்கு இறங்கியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பார்த்தால் சோதனைக்காக மாட்டிய பிளக் ஒன்றில் டெஃப்லான் டேப் போதவில்லை. கூடுதலாக எட்டுச் சுற்று சுற்றி மறுபடி ஏற்றினோம். ஒரு மணி நேரம், முள் அசையவில்லை. கீசர் சுவிட்ச் பெட்டியை இந்தச் சாக்கில் பாத்ரூமுக்கு வெளியே, உலர்ந்த சுவருக்குக் கொண்டுபோய்விட்டோம். பழைய கண்ட்யூட்டின் மேல்வாயை அடைத்தாயிற்று. கீழே துருப்பிடித்த ஃபேன் பெட்டியில் ஃபேன் கொக்கியையும் சோதித்தோம், அது தனிக் கம்பி, தப்பித்தது. பெட்டிக்குள் ஜாயிண்டே வேண்டாம் என்று முழு ஒயராகப் புதிது இழுத்தார் பெரியவர். ஒயரும் சில்லறைச் சாமானும் 850, கூலி வாங்க மறுத்துவிட்டார்.

இத்தனைக்குப் பிறகும் கறை மூன்று வாரம் ஈரமாகவே இருந்தது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, தூக்கம் போனது. எங்கள் பாத்ரூம் தளம் ஒரு அடி பள்ளமாகப் போட்டு, செங்கல் துண்டு கொட்டி நிரப்பியது. மாதக்கணக்கில் குடித்த தண்ணீரை அது ஒரு தொட்டி மாதிரி வைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் அரசங்கன்றை வேரோடு எடுத்த இடத்திலேயே வெளிச்சுவரில் பள்ளத்தின் அடிமட்டத்துக்கு ஒரு துளை போட்டோம். செம்மண் நிறத்தில் ஒன்றரை வாளி வடிந்தது. துளையில் அரை அங்குலப் பைப் வைத்து அப்படியே விட்டுவிட்டேன். இனி உள்ளே ஏதாவது ஒழுகினால் முதலில் அங்கேதான் சொட்டும். அதற்கப்புறம் பென்சில் கோடுகள் ஒவ்வொன்றாகக் காய ஆரம்பித்தன, வந்த வரிசைக்கு நேர்மாறாக.

சீலிங்கில் பொய்ச்சத்தம் கேட்ட பூச்சை முழுக்கத் தட்டி எடுத்தோம். இரண்டு இடத்தில் கம்பி தெரிந்தது. 8 மில்லிமீட்டர் கம்பி, கம்பி பிரஷ் போட்டுத் துருவைச் சுரண்டிய பிறகு வெர்னியரில் 7.4. பயப்படும் நிலை இல்லை. துரு தடுக்கும் பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் பூசியது 1,600 ரூபாய். பாத்ரூம் டைல்ஸ், கொத்தனார் எல்லாம் சேர்த்து 5,800. 1994-ன் எட்டுக்குப் பன்னிரண்டு இளநீல டைல்ஸை இப்போது எங்கே தேடுவது? உடைத்த பாதையில் அடர்நீலத்தைப் பட்டையாக ஓட்டி, வேண்டுமென்றே செய்த டிசைன் என்று சொல்லிக்கொள்கிறோம்.

கணக்கு: தேவையான வேலைக்கு 14,660. மாடிப் பூச்சும் ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்து வீணானது 10,950. கொப்புளம் எழுந்த பூச்சை அடுத்த கோடையில் சுரண்ட வேண்டும், அது தனி.

இன்னொரு தடவை வந்தால் பென்சிலும் ஸ்கேலும் கேசரி பவுடரும்தான் முதலில். தொட்டி மட்டத்தை இப்போதே மாதம் ஒரு ராத்திரி அளக்கிறேன். கேட் வால்வை நம்பி எதையும் அளக்க மாட்டேன், மூடிவிட்டு அந்தக் குழாயைத் திறந்து பார்த்த பிறகுதான். ஆர்.சி.சி.பி. விழுந்தால் மாற்றச் சொல்பவரிடம், வெளிப்பக்க ஒயரைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று கேட்பேன்.

சுவரை மூடுவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். புதுப் பைப்புகள் தெரியும்படி சுவரை நான்கு பக்கமும் படம் எடுத்தேன், ஒவ்வொன்றிலும் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் டேப் பிடித்து அளவு தெரிகிற மாதிரி. அவற்றைப் பிரிண்ட் போட்டு, எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பெட்டியின் கதவு உள்பக்கம் ஒட்டினேன். டைல்ஸ் ஒட்டிய மூன்றாம் நாளே அதற்கு வேலை வந்தது. துண்டு போடுகிற ராடு மாட்ட வேண்டும், இதோ இங்கே ஓட்டை போடுங்கள் என்று மனைவி பென்சிலால் புள்ளி வைத்திருந்தாள். படத்தில் பார்த்தேன். புதுப் பைப்பிலிருந்து முக்கால் அங்குலம். ராடு இப்போது கதவுக்குப் பின்னால் இருக்கிறது.